மீன் தொட்டிக்குள் கல், கட்டை, ஒளிவிடம்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் தொட்டி அலங்காரம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கடையில் விற்கிற பொம்மையைவிட, நம் ஊரில் சும்மா கிடைக்கிற கல், ஓடு, கட்டை பற்றித்தான் சந்தேகம் அதிகம். அதனால் அவற்றுக்குத்தான் இடமும் அதிகம்.

காசு கொடுத்து மீன் வாங்குகிறோம். அது ஒளிந்துகொள்ள இடமும் செய்து கொடுத்தால் அப்புறம் எதைப் பார்ப்பது?

நடப்பது நேர்மாறாக இருக்கும். ஒளிய இடம் இருக்கிற மீன்தான் தைரியமாக வெளியே திரியும். தொட்டி மீன்களில் பெரும்பாலானவை ஆற்றிலும் ஓடையிலும் பெரிய மீனுக்கும் கொக்குக்கும் இரையாகிற சாதி. பக்கத்தில் பதுங்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் நடுத் தொட்டியில் நீந்தும். இல்லையென்றால் ஃபில்டருக்குப் பின்னால் முடங்கிக் கிடக்கும், நிறம் வெளிறிவிடும், தீனி போட்டாலும் நீங்கள் நகர்ந்த பிறகுதான் வந்து எடுக்கும்.

வெறும் தொட்டியில் மூலையில் ஒட்டிக் கிடக்கும் டெட்ரா என்கிற சின்ன மீன் கூட்டத்துக்கு ஒரு கட்டையும் இரண்டு செடியும் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் நடமாட்டம் மாறுவது தெரியும். சக்கர் மீன், லோச் மாதிரி இருட்டில் நடமாடுகிறவை இந்தக் கணக்கில் சேராது. பகலில் ஒளிந்திருப்பது அவற்றின் சுபாவம். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், வெளியே வந்திருக்கும்.

எத்தனை ஒளிவிடம் வேண்டும்?

குகை பிடிக்கிற மீன் எத்தனையோ, அதைவிட ஒன்று கூடுதலாக. மூன்று சிக்லிட் (இடம் பிடித்துச் சண்டை போடுகிற மீன் வகை) இருந்தால் நான்கு குகை. சரியாக மூன்றே வைத்தால், கொழுத்தது ஒன்று இரண்டைப் பிடித்துக்கொண்டு கடைசியை விரட்டிக்கொண்டே இருக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் பார்வையை மறைப்பது. தொட்டியின் ஒரு கோடியில் இருக்கிற மீனுக்கு மறுகோடி தெரியக் கூடாது. குகை ஐந்து இருந்தும் எல்லாம் ஒரே வரிசையில் வாசலை முன்னால் காட்டிக்கொண்டு நின்றால் சண்டை ஓயாது. ஒரு வாசல் இடப்பக்கம், ஒன்று பின்பக்கம், நடுவில் உயரமாக ஒரு கட்டை. இப்படி வைத்தால் துரத்துகிற மீனுக்கு எதிராளி கண்ணில் படாது, சீக்கிரம் மறந்துவிடும்.

கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ளை வெளேர் என்று கல் கிடக்கிறது. வினிகர் ஊற்றிப் பார்த்தேன், நுரைக்கவில்லை. தொட்டியில் போடலாம்தானே?

போடாதீர்கள். வினிகர் சோதனையை ஏமாற்றுகிற கல் நம் ஊர் வெள்ளைக்கல்.

அந்தச் சோதனை சுண்ணாம்புக்கல்லைக் கண்டுபிடிக்க வந்தது. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட்; அமிலம் பட்டதும் சரசரவென்று குமிழ் விடும். வெள்ளைக்கல் என்று நாம் சொல்வது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த அமிலத்தோடு அது சேர்வது மிக மெதுவாக. தூளாக்கிச் சூடான அமிலத்தில் போட்டால்தான் நன்றாகப் பொங்கும். ஆகவே வீட்டு வினிகர் இரண்டு சொட்டு விட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று நம்பித் தொட்டிக்குள் வைத்தால், அது தன் வேலையை மாதக்கணக்கில் மெல்ல நடத்தும். தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் (அமில-கார அளவு) கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து நியான் டெட்ரா வளர்க்கிறவருக்கு ஏன் மீன் சோர்கிறது என்று கடைசிவரை புரியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தப் பகுதியில் மேக்னசைட் தனியாக இருப்பதில்லை. டியூனைட் என்கிற கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த மாதிரிப் பாறையில் குரோமியம், நிக்கல் சமாசாரமெல்லாம் கலந்திருக்கும். மேலாக ஒட்டியிருக்கும் மாவு தண்ணீரையும் கலக்கும். போதாததற்கு, அது சுரங்க நிலம்; கீழே கிடக்கிற கல்லும் யாருடையதோ. உலைக்குச் செங்கல் செய்ய நல்ல சரக்கு, அங்கேயே போகட்டும்.

சரி, கையில் இருக்கிற வெள்ளைக் கல் வெள்ளைக்கல்லா, வெங்கச்சாங்கல்லா என்று எப்படிப் பிரிப்பது? கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். மேக்னசைட்டில் கோடு விழும். வெங்கச்சாங்கல் குவார்ட்ஸ். அதில் கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக ஒட்டும், விரலால் துடைத்தால் போய்விடும். வெங்கச்சாங்கல் என்றால் தாராளமாக வைக்கலாம், தண்ணீரில் ஒன்றும் கரையாது.

எந்தக் கல்லுக்கும் பொருந்துகிற நம்பகமான சோதனை இரண்டு பக்கெட் சோதனை. இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒன்றில் மட்டும் கல். ஆர்.ஓ. மெஷின் இருக்கிற வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டுவது. முதல் நாள் இரண்டையும் அளந்து எழுதி வைத்து, மூடி வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். கல் போட்ட பக்கெட் மட்டும் தெளிவாக ஏறியிருந்தால் அந்தக் கல் கரைகிறது. இரண்டாவது பக்கெட் எதற்கு என்று கேட்பார்கள். தண்ணீர் ஆவியானாலே டிடிஎஸ் ஏறும்; கல் இல்லாத பக்கெட் இருந்தால்தான் எது எதனால் என்று தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் ஆசிட் வாங்கிச் சோதிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. வெள்ளி கரைக்கிற நைட்ரிக் ஆசிட்டை மீன் தொட்டிக்காக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஏற்காடு ஓடையில் கிடக்கிற கல் எடுத்து வரலாமா? திருமணிமுத்தாற்றுக் கல்?

கல்லின் தரத்தை மட்டும் பார்த்தால் சேர்வராயன் மலைக் கல் அருமையானது. மலையே சார்னோக்கைட் என்கிற நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல் பாறை. கெட்டியானது, தண்ணீரோடு வினை எதுவும் செய்யாது. மலை உச்சியில் செக்கச்செவேல் என்று துளை துளையாகக் கிடப்பது பாக்சைட் வகை. அது உதிர்ந்து தூசி விடும், அதை விட்டுவிடுங்கள்.

எடுக்கிற இடம்தான் சிக்கல். மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் கல்லோ கட்டையோ எடுப்பது குற்றம். மீதி எஸ்டேட், அது தனியார் நிலம். திருமணிமுத்தாறு ஏற்காட்டில் பிறந்தாலும் ஊருக்குள் வரும்போது சாக்கடையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. அந்தக் கல்லின் துளைகளில் என்ன ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு நான்கு கருங்கல் வாங்குங்கள். அதே மலைத்தொடரின் பாறைக் குடும்பம்தான், எந்த வம்பும் இல்லை. சிமெண்ட் ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தியால் தட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுக் கழுவலாமா?

கூடாது. உள்ளே விரிசலில் தண்ணீர் தங்கியிருந்தால் ஆவியாகி வெடிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, பக்கெட்டில் வைத்து வெந்நீர் ஊற்றி ஆறவிடுங்கள், போதும். சோப்பு, சபீனா எதுவும் தொடக் கூடாது.

அண்ணா, ஏற்காட்டில் உறவினர் எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடி வேர் நிறைய இருக்கிறது. தொட்டிக்கென்று விற்கிற டிரிஃப்ட்வுட் கட்டை கடையில் யானை விலை. இதைப் போடலாமா?

வடிவத்தைக் கேட்டால் காப்பிக் கட்டைக்கு ஈடே இல்லை. கிளைக்குக் கிளை முறுக்கு, வேரில் இயற்கையாகவே குகை, கட்டையும் கெட்டி. ஆனால் தொட்டிக்குள் போகுமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காப்பி இலைத்துரு நோய்க்கு எஸ்டேட்டுகளில் போர்டோ கலவை அடிப்பது வழக்கம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்தது. மயில்துத்தம் என்றால் செம்பு. வருஷா வருஷம் அடித்த மருந்து பட்டையிலும் விரிசலிலும் படிந்திருக்கும். செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிய அளவிலேயே விஷம்.

ஆகவே செர்ரி இறால் வளர்க்கிறவர்கள் எஸ்டேட் கட்டையை ஆசைப்பட வேண்டாம். மீன் மட்டும் வளர்க்கிற தொட்டி என்றால் வழி இருக்கிறது. முதலில் உறவினரிடம் அந்தப் பாத்தியில் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். பட்டை முழுவதையும் உரித்துவிடுங்கள். மருந்து அதிகம் நிற்பது அதில்தான். பிறகு நன்றாகக் காய வேண்டும். பச்சை வாடை துளிகூட இருக்கக் கூடாது, சேலம் வெயிலில் மொட்டை மாடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்தால் சரியாக இருக்கும். அதன்பின் ஊறவைப்பது, வாரம் ஒரு தண்ணீர் மாற்றி. கடைசித் தண்ணீரில் செம்புக்கான டெஸ்ட் கிட் போட்டுப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் இதற்கு ஆகாது, மென்மையான கட்டை, ஊறிப் பிசுபிசுத்துவிடும். தைலமரம், பைன் மாதிரி எண்ணெயோ பிசினோ உள்ளவை வேண்டாம். பால் வடிகிற மரம் எதுவும் வேண்டாம். அரளி பேச்சையே எடுக்க வேண்டாம், அது கொல்லும். சேலத்திலேயே வீட்டுக் கொல்லையில் கிடைக்கிற காய்ந்த கொய்யாக் கிளை, காப்பிக் கட்டை அளவுக்கு அழகு. மருந்து அடித்த சந்தேகமும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கொய்யாவைத் தேடச் சொல்வேன்.

கட்டை மிதக்கிறது, தண்ணீர் பழுப்பாகிவிட்டது, கட்டை மேல் வெள்ளையாகச் சளி மாதிரி படர்கிறது. வீணாகிவிட்டதா?

மூன்றும் சாதாரணம். மிதப்பது ஊறினால் நிற்கும், அதுவரை மேலே ஒரு கல்லை ஏற்றி வையுங்கள். அவசரம் என்றால் ஒரு தட்டைக் கல்லில் நைலான் நூலால் கட்டிவிடலாம். பழுப்பு நிறம் கட்டையிலிருந்து இறங்கும் டானின். மீனுக்குக் கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மாற்றும்போது குறைந்துகொண்டே வரும். வெள்ளைச் சளி, கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரைச் சத்தைத் தின்ன வரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். சில வாரத்தில் தானே போகும். நத்தையும் இறாலும் அதை விரும்பித் தின்னும்.

கவலைப்பட வேண்டியது நாற்றம் வந்தால். கட்டையை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். மண் வாசம் என்றால் நல்லது. அழுகிய முட்டை வாசம் அடித்தால், நகத்தால் அழுத்தினால் உள்ளே போனால், அந்தக் கட்டை அடுப்புக்குத்தான்.

தெருவில் உதிர்கிற பாதாம் இலை?

நாட்டு வாதுமை மரத்து இலைதானே, போடலாம். பழுத்துத் தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையாக எடுங்கள், பச்சை இலை வேண்டாம். மெயின் ரோட்டு ஓரப் புகையும் தூசியும் படிந்தது வேண்டாம். கழுவி, 50 லிட்டர் தொட்டிக்கு ஓர் இலை போட்டு ஆரம்பியுங்கள். ஃபைட்டரும் கௌராமியும் அதன் அடியில் சொக்கிக் கிடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இலை நரம்பு மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிடலாம்.

கையில் காசு செலவழிக்காமல் நல்ல குகை எது?

நாட்டு ஓடு. சந்தேகமே இல்லை.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை (இது ஊர்ப்பகுதியின் பெயர்), செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அரைக் குழாய் மாதிரி வளைந்த ஓடு அது. கவிழ்த்து வைத்தால் அப்படியே ஒரு சுரங்கம். சுட்ட மண் என்பதால் தண்ணீரில் எதையும் கலக்காது. உள் பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் சிக்லிட் முட்டை ஒட்ட வாகான இடம். பாசியும் கரியும் போகத் தேங்காய் நார் போட்டுத் தேயுங்கள், பழுப்புத் தண்ணீர் நிற்கும்வரை. ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, மறுநாள் வெறும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் போடலாம். சுண்ணாம்புக் காரை ஒட்டிய ஓட்டைத் தவிர்த்துவிடுங்கள். காரை பிஎச்சை ஏற்றும்.

வைக்கிற விதம் இருக்கிறது. ஓட்டின் பின் முனையை மணலில் இரண்டு விரல் கனம் புதைத்து, முன் வாசலைக் கொஞ்சம் தூக்கினாற்போல் வையுங்கள். பின்னால் முழுதாக அடைத்துவிடாமல் மீன் நுழையும் அளவு ஒரு சந்து விடுங்கள். ஒரே வாசல் உள்ள குகைக்குள் பலசாலி மீன் நுழைந்து மடக்கினால் மற்றதற்குத் தப்ப வழியில்லை. இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தால் இரண்டு அடுக்குக் குகை ஆகும். ஆனால் அசையாமல் நிற்க இரண்டும் தொடுகிற இடத்தில் சிலிகான் ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை சிலிகான், பூஞ்சைக்கொல்லி சேர்க்காதது, அதுதான் தொட்டிக்கு ஆகும். பாத்ரூமுக்கு என்று விற்பதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். ஒட்டியபின் வாடை முழுதும் போகும்வரை தண்ணீரில் வைக்காதீர்கள்.

மண் சட்டியும் பூந்தொட்டியும் இதே ஜாதிதான், மெருகு பூசாததாக இருந்தால் சரி. பூந்தொட்டியில் அடியில் இருக்கும் ஓட்டை மட்டும் ஆபத்து. தலை நுழைந்து உடம்பு நுழையாத அளவில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது, மீன் மாட்டிச் செத்துப்போகும். சிலிகான் வைத்து அடையுங்கள். பொதுவாக ஓட்டை என்றால் மீன் தாராளமாகப் போய் வரும்படி பெரிதாக இருக்க வேண்டும், இல்லையேல் தலையே நுழையாதபடி சிறிதாக இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுதான் எமன்.

கொட்டாங்குச்சியும் நன்றாக இருக்கும். தேங்காய்ப் பருப்பு துளிகூட இல்லாமல் சுரண்டி, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது நின்றால்தான் ஆயிற்று என்று அர்த்தம். விளிம்பில் ஹாக்ஸா பிளேடால் அரைவட்ட வாசல் வெட்டி, உப்புத்தாள் போட்டுக் கூர் போக்கிக் கவிழ்த்துவிடலாம். பிவிசி குழாய்த் துண்டு அழகில் சேர்த்தியில்லை. ஆனால் மீன் அழகு பார்த்துக் குடியேறுவதில்லை. சக்கர் மீனுக்கும் லோச்சுக்கும் ரொம்பப் பிடிக்கும். மூங்கில் துண்டு மட்டும் வேண்டாம், சில மாதத்தில் அழுக ஆரம்பிக்கும்.

கொலு பொம்மை, சின்ன விநாயகர் சிலை வைக்கலாமா?

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை என்றால் கண்டிப்பாகக் கூடாது. அது ஜிப்சம், தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும், கூடவே பெயிண்ட் உரியும். சுடாத களிமண் பொம்மை ஒரே நாளில் சேறாகும். சிமெண்ட் சிலையும் சுண்ணாம்பு விடும். கருங்கல் விநாயகர் சாஸ்திரப்படி சரியா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீனுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பித்தளை, செம்பு எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது, அதிர்ஷ்டத்துக்குப் போடுகிற காசும் அப்படியே.

ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்த கிளிஞ்சலும் பவளமும் இருக்கிறது.

கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். மோலி, ஆப்பிரிக்க சிக்லிட் மாதிரி கடின நீர் விரும்பும் மீனுக்கு நல்லதுதான். டெட்ரா, ஏஞ்சல் தொட்டிக்கு வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், மேலும் ஏற்றத் தேவையில்லை. பவளப்பாறையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பிளாஸ்டிக் செடி?

பழைய நைலான் சாக்ஸை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஃபைட்டரின் துடுப்பும் மாட்டும், கோல்டு ஃபிஷ்ஷின் கண்ணும் மாட்டும். பட்டுத்துணிச் செடி தேவலை. சாயம் போகிறதா என்று பக்கெட்டில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். கலர் கல்லுக்கும் இதே சோதனை.

ஆற்று மணல் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் போடலாமா?

கரையாது, அந்த வகையில் பாதகமில்லை. உடைத்த கருங்கல் தூள்தானே. ஆனால் ஒவ்வொரு துகளும் கூர். கோரிடோராஸ், லோச் மாதிரி தரையைத் துழாவுகிற மீனின் மீசை தேய்ந்து புண்ணாகும். அந்த மீன் இல்லை என்றால் நன்றாகக் கழுவிப் போடலாம். கழுவுவது என்றால் தண்ணீர் தெளிகிறவரை, அது நிறைய நேரம் பிடிக்கும் வேலை.

எதை முதலில் வைப்பது? கல் சரிந்து கண்ணாடி உடையுமா?

உடையும். அதனால்தான் வரிசை முக்கியம். வெறும் கண்ணாடி மேல் மெல்லிய தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட் ஒன்று, அதன்மேல் பெரிய கல், அதைச் சுற்றி மணல். பலரும் மணலைக் கொட்டி அதன்மேல் கல்லை அடுக்குகிறார்கள். சிக்லிட்டும் லோச்சும் அடியில் தோண்டும். தோண்டினால் கல் சாயும், கீழே மீன் இருக்கும், பக்கத்தில் கண்ணாடி இருக்கும். கல்லை அடுக்கியபின் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பிரித்து மறுபடி அடுக்குங்கள், அல்லது சிலிகான் போடுங்கள்.

உயரமானது பின்னால், ஒரு பக்கம் ஒதுங்கினாற்போல். நடுவில் கோபுரம் மாதிரி ஒன்றை நிறுத்தினால் இரண்டு பக்கமும் வெட்டவெளியாகிவிடும். முன்புறம் நீந்த இடம் காலியாக விடுங்கள். நான்கு பக்கக் கண்ணாடியிலிருந்தும் இரண்டு விரல் தள்ளி வைத்தால்தான் பாசி துடைக்கக் கை போகும். ஃபில்டர் உறிஞ்சும் வாயை அடைக்காதீர்கள், ஹீட்டரைப் பிளாஸ்டிக் பொம்மை தொடக் கூடாது. தொட்டிக்குப் பின்னால் வெளியே ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். எந்தப் பொம்மையைவிடவும் மீனின் பயத்தை அது குறைக்கும், நிறத்தையும் தூக்கிக் காட்டும்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்புவரை 56 லிட்டர்தான். 10 கிலோ கருங்கல் வைத்தால் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் லிட்டர் போய்விடும். மணலையும் கழித்தால் 45 லிட்டர் இருந்தால் அதிகம். மருந்து ஊற்றும்போது தொட்டி வந்த பெட்டியில் எழுதிய லிட்டர் அளவைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பார்த்து ஊற்றுங்கள்.

புதிதாக விட்ட மீனைப் பழையது அடித்துத் துவைக்கிறது.

பழையதற்கு ஒவ்வொரு மூலையும் பட்டா போட்ட நிலம். புது மீனை விடுகிற அன்று கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். அப்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இடம் தேட வேண்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். ஃபிளவர்ஹார்னுக்கும் பெரிய ஆஸ்கருக்கும் இந்த வித்தை பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், அவை பெரும்பாலும் தனிக்கட்டையாக இருக்கப் பிறந்தவை.

கப்பி குட்டி போட்டால் தாயே தின்றுவிடுகிறது.

குட்டிக்குக் குகை உதவாது, அங்கேயும் துரத்தி வந்து தின்னும். அதற்குத் தேவை பெரிய மீன் நுழைய முடியாத நெருக்கம். ஜாவா பாசிக் கொத்து, மேலே மிதக்கும் செடி, வேலம்பாசிக் கட்டு. குட்டிகள் பிறந்ததும் மேல்மட்டத்துக்குத்தான் ஓடும் என்பதால் மிதக்கிற செடிக்கே முதலிடம். எல்லாம் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒரு 2 அடித் தொட்டியில் எல்லாம் பிழைத்தால் அதுவே பெரிய தொந்தரவு.

மூக்கனேரியிலிருந்து செடி, ஏற்காட்டு மரத்தில் படர்ந்த பாசி?

ஏரிச் செடியோடு நத்தை முட்டை, தும்பிப் புழு, அட்டை எல்லாம் சேர்ந்து வரும். தும்பிப் புழு குட்டி மீனைப் பிடித்துத் தின்னும். படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் குறையும். ஆனாலும் கடையில் கிடைக்கும் வேலம்பாசியை வாங்குவது மேல். ஏற்காட்டு மரப்பாசி தரைப்பாசி. தண்ணீருக்குள் பெரும்பாலும் அழுகிப்போகும். கட்டையில் பசுமை வேண்டுமென்றால் ஜாவா ஃபெர்னையோ அனூபியாஸையோ நூலால் கட்டுங்கள். அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும்.

மூடி திறந்து திறந்து குமிழ் விடுகிற புதையல் பெட்டி?

குழந்தைகளுக்குப் பிடிக்கும், வையுங்கள். ஏர் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். கரண்ட் போகிற நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள் போய்விடும், தரையும் நனையும். மூடி இடுக்கில் சின்ன மீன் மாட்டுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அலங்காரத்தை எப்போது எடுத்துக் கழுவுவது?

பாசி கண்ணை உறுத்தும்போது மட்டும். கழிவை முறிக்கிற பாக்டீரியா கல்லிலும் கட்டையிலும்தான் ஒட்டி வாழ்கிறது. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நேரடியாக அதில் கழுவினால் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துவிடலாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிரஷ் போட்டு அலசுங்கள், ஒரு தடவைக்குப் பாதி சாமான் மட்டும். குகைக்குள் தீனி மக்கித் தங்கும். வாராவாரம் சைஃபன் குழாயை வாசலில் வைத்து இழுத்துவிட்டால் மணல் கறுத்து நாறாது.

ஏற்காட்டில் வீடு. குளிரில் மீன் குகையை விட்டு வருவதே இல்லை.

இதற்குக் குகை காரணம் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவில் தண்ணீர் வெகுவாகக் குளிர்ந்துவிடும். வெப்ப மண்டல மீனெல்லாம் முடங்கும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் வையுங்கள், இல்லையேல் கோல்டு ஃபிஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலத்தில் பிரச்சினை தலைகீழ். மே மாத வெயிலில் ஜன்னலோரத் தொட்டியில் மீனுக்கு நிழலே ஒளிவிடம். தொட்டியை உள் சுவருக்கு மாற்றுங்கள், மிதக்கும் செடி போடுங்கள், ஏர் மோட்டாரை நிறுத்தாதீர்கள்; சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு.

ஒரு மீனை இரண்டு நாளாகக் காணோம். கல்லையெல்லாம் தூக்கிப் பார்க்கலாமா?

முதலில் தரையைப் பாருங்கள். தொட்டிக்குப் பின்னால், ஸ்டாண்டுக்கு அடியில், ஷூ ஸ்டாண்டுப் பக்கம். மூடி இல்லாத தொட்டியிலிருந்து குதிப்பது சகஜம். அடுத்து ஃபில்டர் பெட்டிக்குள். அங்கும் இல்லையென்றால் இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைச் சாய்வாக அடித்துக் குகைக்குள் பாருங்கள். கண் மினுங்கினால் விட்டுவிடுங்கள், பெண் மீனாக இருந்தால் முட்டையோடு இருக்கலாம். தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால், அமோனியா ஏறியிருந்தால், செத்துக் கிடக்க வாய்ப்பு உண்டு. அப்போது காத்திருக்க வேண்டாம். மேலிருந்து ஒவ்வொன்றாக, கீழே கையைக் கொடுத்துத் தாங்கித் தூக்குங்கள்.